தனிச்சுழியிலும் ஒழுங்குக்கு வராத காந்தங்கள்: இயற்பியல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களுக்கு,



நெட், கேட், ஜெஸ்ட் என்று தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டே, எந்தத் துறையில் ஆய்வு செய்யலாம் என்றும் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அந்தக் கேள்விக்கு உங்களில் பெரும்பாலோர் சொல்லும் விடை எனக்குத் தெரியும். கருந்துளை, இருண்ட பொருள், துகள் இயற்பியல், அண்மைக்காலமாகக் குவாண்டம் கணினி. அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திண்மநிலை இயற்பியல் என்ற பேச்சு வந்தாலே ஆர்வம் வற்றிவிடுகிறது. டிபை வெப்பநிலை, ஹால் விளைவு, ஆற்றல் பட்டைகள் என்று தேர்வுக்குப் படித்ததோடு அந்தத் துறையே தீர்ந்துவிட்டது என்று நம்புகிறீர்கள். ஆசிரியர்களும் அப்படித்தான் நடத்தி முடிக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இந்த மடல். உங்கள் பாடநூல் முடியும் பக்கத்துக்குச் சற்று அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. ஓர் உலோகத்துக்குள் இருக்கும் அணுக் காந்தங்கள், எவ்வளவு குளிர்வித்தாலும் எந்த ஒழுங்குக்கும் வர மறுத்தால், அந்த உலோகம் என்னவாகும்? அரைநூற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. அண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் ஆழத்தில் இது குறைந்ததல்ல. கேட்டுப் பார்க்கத் தேவைப்படுவதோ அரிசி மணி அளவில் ஒரு படிகமும், நல்ல குளிர்விப்பானும், பொறுமையும்தான்.

முதலில் குவாண்டம் நிலைமாற்றம் என்றால் என்ன என்று பார்ப்போம். பனிக்கட்டி உருகுவதும், இரும்பு 770 டிகிரி செல்சியஸில் தன் காந்தத்தை இழப்பதும் நீங்கள் படித்த நிலைமாற்றங்கள். இரண்டையும் நடத்துவது வெப்பம். வெப்பம் ஏற ஏற அணுக்களின் ஆட்டம் மிகுந்து ஒழுங்கு குலைகிறது. அப்படியானால் தனிச்சுழி வெப்பநிலையில் ஆட்டமும் இருக்கக் கூடாது, மாற்றத்துக்கும் வழி இருக்கக் கூடாது. ஆனால் ஹைசன்பெர்க்கின் நிச்சயமற்ற தன்மைக்கு அங்கும் ஓய்வு கிடையாது. வெப்பம் முற்றும் நீங்கிய பிறகும் குவாண்டம் ஆட்டம் மிஞ்சியிருக்கும். வெப்பநிலையைத் தொடாமல், அழுத்தத்தையோ காந்தப்புலத்தையோ சேர்மத்தின் கலவையையோ மாற்றி அந்த ஆட்டத்தை மிகுவிக்கலாம். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒழுங்கு தாக்குப்பிடிக்காமல் தகர்ந்துவிடும். லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடு என்ற காப்பான் படிகத்தில் 1996-இல் இது தெளிவாகக் காட்டப்பட்டது. அதன் காந்த அச்சுக்குக் குறுக்கே ஏறத்தாழ 5 டெஸ்லா புலத்தைச் செலுத்தினால், எவ்வளவு குளிரிலும் அதன் ஃபெர்ரோ காந்தத்தன்மை மறைந்துபோகிறது.

தனிச்சுழியை யாராலும் எட்ட முடியாதே, அங்கே நடக்கும் மாற்றத்தால் நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மாறுநிலைப் புள்ளியின் செல்வாக்கு தனிச்சுழியோடு நின்றுவிடுவதில்லை. வெப்பநிலை ஏற ஏற அது இருபுறமும் அகன்று பரவுகிறது. சில பொருள்களில் பல கெல்வின் உயரம் வரை மின்தடையையும் வெப்ப ஏற்புத்திறனையும் அதுவே தீர்மானிக்கிறது. நாம் எட்டக்கூடிய வெப்பநிலையில் அளக்கும் விநோதங்களுக்கு வேர், எட்ட முடியாத அந்தப் புள்ளியில் இருக்கிறது.

காப்பானில் இந்தக் கதை ஓரளவு எளிது. உலோகத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே ஓடித் திரியும் கடத்து எலக்ட்ரான்கள் எதையும் சும்மா விட்டுவைப்பதில்லை. உலோகங்களுக்கான குவாண்டம் நிலைமாற்றக் கோட்பாட்டை 1976-இல் ஜான் ஹெர்ட்ஸ் எழுதினார். 1993-இல் ஆண்ட்ரூ மில்லிஸ் அதைச் செம்மைப்படுத்தினார். அது அழகான கோட்பாடு. ஆனால் அதற்குப் பணியாத உலோகங்கள் விரைவிலேயே கண்ணில் பட்டன. ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1934-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் டி ஹாஸ், டி போர், வான் டென் பெர்க் ஆகிய மூவரும் தங்கக் கம்பியைக் குளிர்வித்து மின்தடையை அளந்தார்கள். குளிர்விக்கக் குளிர்விக்கக் குறைந்துவந்த மின்தடை, சில கெல்வினில் குறைவதை நிறுத்திவிட்டு மறுபடி ஏறத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. 1964-இல் ஜப்பானின் ஜுன் கோண்டோ விளக்கினார். தங்கத்தில் கலந்திருந்த இரும்பு போன்ற காந்த அணுக்களின் ஸ்பின்னோடு கடத்து எலக்ட்ரான்கள் மோதுகின்றன. குளிர் மிக மிக அந்த மோதல் வலுக்கிறது. இன்னும் குளிர்வித்தால், எலக்ட்ரான்கள் அந்த ஸ்பின்னைச் சூழ்ந்து, அதனோடு எதிரெதிராகப் பிணைந்து, அதன் காந்தத்தன்மையையே மறைத்துவிடுகின்றன.

இப்போது ஒன்றிரண்டு மாசு அணுக்கள் என்றில்லாமல், படிகத்தின் ஒவ்வோர் அலகிலும் ஒரு காந்த அணு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சீரியம், இட்டர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்ந்த உலோகச் சேர்மங்கள் இப்படிப்பட்டவை. அவற்றில் உட்கூட்டில் அமர்ந்த எஃப் எலக்ட்ரான்கள், ஓடும் எலக்ட்ரான்களோடு பிணைந்து, மிகப் பெரிய நிறை கொண்டவைபோல் நடந்துகொள்கின்றன. 1975-இல் ஆண்ட்ரெஸ், கிரேப்னர், ஓட் ஆகியோர் சீரியம்-அலுமினியச் சேர்மம் ஒன்றின் எலக்ட்ரான் வெப்ப ஏற்புத்திறன் கெழுவை அளந்தபோது 1,620 மில்லிஜூல் என்ற மதிப்பு வந்தது. செம்பில் அதே கெழு 0.7 மில்லிஜூல்தான். இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்! கனமான எலக்ட்ரான் உலோகங்கள் என்ற துறை அங்கே பிறந்தது.

இந்த உலோகங்களில் இரண்டு போக்குகள் மோதுகின்றன என்று 1977-இல் செபாஸ்டியன் டோனியாக் எழுதினார். ஒன்று, நாம் பார்த்த கோண்டோ மறைப்பு. அது வென்றால் காந்தம் கரைந்து, கனமான எலக்ட்ரான்கள் கொண்ட சாதுவான உலோகம் கிடைக்கும். மற்றொன்று, கடத்து எலக்ட்ரான்கள் வழியாகவே ஒரு ஸ்பின் இன்னொரு ஸ்பின்னோடு கொள்ளும் தொடர்பு. அது வென்றால் ஸ்பின்கள் மாறி மாறி மேலும் கீழுமாக நிற்கும் எதிர்ஃபெர்ரோ காந்தம் கிடைக்கும். இரண்டும் சமபலமாகும் இடத்தில் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி. டோனியாக்கின் வரைபடத்தில் ஒரே ஓர் அச்சு, இரண்டே முடிவுகள்.

அந்தச் சமநிலைப் புள்ளியில் கண்ட காட்சிகள்தான் ஹெர்ட்ஸின் கோட்பாட்டை உலுக்கின. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஹில்பர்ட் வான் லோனைசன் குழு, சீரியம்-செம்புச் சேர்மத்தில் சிறிதளவு தங்கத்தைச் சேர்த்து அந்தப் புள்ளியைத் தொட்டது. சாதாரண உலோகத்தில் குளிரும்போது மின்தடை வெப்பநிலையின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைய வேண்டும். அங்கே வர்க்கத்துக்குப் பதில் நேர்விகிதத்தில் குறைந்தது. டிரெஸ்டனில் ஃபிராங்க் ஸ்டெக்லிஷ் குழு, இட்டர்பியம்-ரோடியம்-சிலிக்கான் சேர்மத்தை எடுத்துக்கொண்டது. அது 0.07 கெல்வினில்தான் காந்த ஒழுங்கு பெறும். அந்த ஒழுங்கைக் குலைக்க 0.06 டெஸ்லா புலம் போதும். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம்கூட அதைவிட வலுவானது. சில்கே பாஷனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் அதில் ஹால் விளைவை அளந்தார்கள். புலம் மாறுநிலை மதிப்பைக் கடக்கும்போது ஹால் கெழு ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. குளிர்விக்கக் குளிர்விக்க அந்த மாற்றம் மேலும் மேலும் செங்குத்தானது. தனிச்சுழியில் அது ஒரே தாவலாகிவிடும் என்று அளவீடுகள் சுட்டின.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உலோகத்தின் ஃபெர்மி பரப்பு அடைக்கும் கன அளவு, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுகிறது என்பது 1960-இல் லட்டிங்கர் நிறுவிய தேற்றம். எஃப் எலக்ட்ரான்கள் கணக்கில் சேர்ந்தால் பரப்பு பெரிது, சேராவிட்டால் சிறிது. ஹால் கெழு தாவுகிறது என்றால், அந்தப் புள்ளியில் கோடானுகோடி எஃப் எலக்ட்ரான்கள் கணக்கிலிருந்து ஒரேயடியாக வெளியேறுகின்றன என்று கொள்ள வேண்டும். காந்த ஒழுங்கு வந்ததோ போனதோ மட்டுமல்ல, கனமான எலக்ட்ரானே உடைந்துபோகிறது. இப்படிப் பொருள்கொள்வதில் எல்லோரும் உடன்பட்டுவிடவில்லை. ஆனால் இந்தச் சாத்தியம் எழுந்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் துறையை ஆட்டிவைக்கின்றன. காந்த ஒழுங்கு மறைவதும் எலக்ட்ரான் உடைவதும் எப்போதும் ஒரே புள்ளியில்தான் நடக்க வேண்டுமா? இரண்டையும் பிரிக்க வழி உண்டா?

இங்கேதான் என் மடலின் மையப் பொருள் வருகிறது. பிரிக்க ஒரு வழி, ஸ்பின்களுக்கு இடையே தீராத இழுபறியை உண்டாக்குவது. இயற்பியலார் ஃப்ரஸ்ட்ரேஷன் என்று சொல்வதைத்தான் இழுபறி என்கிறேன்.

ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, மூன்று முனையிலும் ஒவ்வொரு ஸ்பின்னை வையுங்கள். ஒவ்வொன்றும் மேல் நோக்கலாம், அல்லது கீழ் நோக்கலாம். அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக இருக்க வேண்டும் என்பது விதி. முதலாவது மேல், இரண்டாவது கீழ். மூன்றாவது எப்படி நிற்பது? மேல் என்றால் முதலாவதோடு பிணக்கு. கீழ் என்றால் இரண்டாவதோடு பிணக்கு. மொத்தம் எட்டு அமைப்புகள் உண்டு. அவற்றில் ஆறு ஒரே அளவு குறைந்த ஆற்றல் கொண்டவை. இயற்கைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. முக்கோணங்களால் ஆன ஒரு முழுத் தளத்தில், இந்தத் தேர்வின்மை தனிச்சுழியிலும் எஞ்சும் என்ட்ரோபியாக நிற்கும் என்று 1950-இல் வானியர் கணக்கிட்டுக் காட்டினார். 1973-இல் ஃபிலிப் ஆண்டர்சன் இன்னும் ஓர் அடி மேலே போனார். இப்படிப்பட்ட தளத்தில் குவாண்டம் ஸ்பின்கள் எந்த ஒழுங்கிலும் உறையாமல், இணை இணையாகப் பிணைந்து, அந்த இணைகளையும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் திரவநிலை இருக்கலாம் என்றார். 1987-இல் அந்தக் கருத்தை உயர்வெப்ப மீகடத்திகளுக்குக் கொண்டுசென்ற முதன்மையான கட்டுரைகளில் ஒன்றை ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். உங்கள் பக்கத்து ஊரில் பணியாற்றியவர் என்பதால் சொல்கிறேன்.

நெடுங்காலம் இந்த இழுபறி காப்பான்களின் சொத்து என்றே கருதப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு. உலோகத்தில் ஸ்பின்களின் தொடர்பு அண்டை வீட்டோடு நிற்பதில்லை. தொலைவிலுள்ள ஸ்பின்களையும் எட்டும். அந்தத் தொலைதூரத் தொடர்புகள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து இழுபறியைத் தீர்த்துவிடலாம். ஸ்பின்களையே எலக்ட்ரான்கள் கரைத்துவிடவும் கூடும். ஆகவே உலோகத்தில் இழுபறிக்கு இடமில்லை என்று நினைப்பது இயல்பாக இருந்தது.

2003-இல் செந்தில், சச்தேவ், வோய்ட்டா ஆகியோர் எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தை அசைத்தது. இழுபறி போதிய அளவு வலுவாக இருந்தால், ஸ்பின்கள் தமக்குள்ளேயே ஆண்டர்சன் சொன்ன திரவமாகிவிடலாம். கடத்து எலக்ட்ரான்கள் அவற்றைச் சேர்க்காமல் தனியே ஒரு சிறிய ஃபெர்மி பரப்போடு ஓடலாம். அங்கே காந்த ஒழுங்கும் இல்லை, கனமான எலக்ட்ரானும் இல்லை. டோனியாக்கின் படத்தில் இடமே இல்லாத மூன்றாவது முடிவு இது. 2006-இல் சிமியாவோ சியும், 2010-இல் பியர்ஸ் கோல்மன், ஆண்ட்ரீ நெவிடோம்ஸ்கி இருவரும் அந்தப் படத்துக்கு இரண்டாவது அச்சு ஒன்றைச் சேர்த்தார்கள். கிடைமட்டத்தில் கோண்டோ பிணைப்பின் வலு. செங்குத்தில் இழுபறியின் வலு. ஒற்றைக் கோடாக இருந்தது தளமாக விரிந்தது. காந்தம் மறைவதும் எலக்ட்ரான் உடைவதும் அந்தத் தளத்தில் இரு வேறு எல்லைக்கோடுகள். அவை சில இடங்களில் சேர்ந்தும், சில இடங்களில் பிரிந்தும் போகலாம்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தளத்தின் மேல்பகுதியில் குடியிருக்கும் உண்மையான உலோகம் எது? நான் உங்களை நெருங்கிப் பார்க்கச் சொல்வது சீரியம்-பல்லேடியம்-அலுமினியம் சேர்மத்தை. மூன்றும் சம விகிதத்தில். அதில் சீரிய அணுக்கள் அமர்ந்திருக்கும் தளத்தின் வடிவம் காகோமே. மூங்கில் கூடையின் பின்னலில் முக்கோணங்களுக்கு நடுவே அறுகோண ஓட்டைகள் தெரியுமே, அந்த வடிவம், சற்றே திருகியது. அறுகோண அமைப்புடைய இந்தப் படிகத்தில் சீரிய அணுக்கள் யாவும் சமமானவை. ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லை.

இதைக் குளிர்வித்தால் 2.7 கெல்வினில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு வருகிறது. 1996-இல் வெளியான நியூட்ரான் விளிம்பு விளைவு ஆய்வு, அந்த ஒழுங்கின் உள்ளே எட்டிப் பார்த்தது. கண்ட காட்சி வியப்பானது. மூன்றில் இரண்டு பங்கு சீரிய ஸ்பின்கள் ஒழுங்கில் நிற்கின்றன. மீதி ஒரு பங்கு எந்த ஒழுங்கிலும் சேரவில்லை. சமமான அணுக்களுக்கு நடுவே, குளிர்வித்ததும் இரண்டு வகுப்புகள் தோன்றிவிட்டன. ஒரு பங்கு விலகி நின்று இழுபறியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதால்தான் மற்ற இரண்டு பங்கும் ஒழுங்கில் நிற்க முடிகிறது.

அடுத்து, அழுத்தம். இத்தகைய சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் பாடநூலில் இது வராது. பெரிலியம்-செம்புக் கலவையில் கடைந்தெடுத்த தடித்த உருளைதான் அழுத்தக் கலம். அதற்குள் எண்ணெய் நிரப்பிய சிறு டெஃப்லான் கிண்ணம். எண்ணெய்க்குள் ஓரிரு மில்லிமீட்டர் படிகம். படிகத்தின் மேல் வெள்ளிப் பசையால் ஒட்டிய, தலைமுடியைவிட மெல்லிய நான்கு தங்கக் கம்பிகள். இரண்டில் மின்னோட்டம் போகும், இரண்டில் மின்னழுத்தத்தை அளப்போம். பக்கத்தில் ஒரு துளி ஈயம். ஈயம் 7.2 கெல்வினில் மீகடத்தியாகும். அழுத்தம் கூடினால் அந்த வெப்பநிலை தெரிந்த அளவில் இறங்கும். ஆகவே கலத்துக்குள் இருக்கும் உண்மையான அழுத்தத்தை அந்த ஈயமே சொல்லிவிடும். அறை வெப்பநிலையில் அழுத்தி, திருகை இறுக்கி, பிறகு குளிர்விப்பானுக்குள் இறக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் ஒரு தங்கக் கம்பி விட்டுப்போனால் அதுவரை செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதுதான். வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

2019-இல் பெய்ஜிங்கில் பெய்ஜியே சுன் தலைமையிலான குழு, ஸ்டெக்லிஷ், சி முதலானோருடன் சேர்ந்து இந்தச் சேர்மத்தின் முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல், அதாவது பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்தில், 2.7 கெல்வினில் இருந்த காந்த ஒழுங்கு தனிச்சுழிக்கு இறங்கி மறைகிறது. பழைய படத்தின்படி அதற்கு அடுத்த அடியிலேயே கனமான எலக்ட்ரான்கள் கொண்ட சாதாரண உலோகம் வந்துவிட வேண்டும். வரவில்லை. மாறுநிலைக்குரிய விநோத நடத்தை ஒரு புள்ளியோடு முடியாமல், அழுத்தத்திலும் காந்தப்புலத்திலும் ஒரு பரப்பு முழுவதும் நீண்டது. காந்த ஒழுங்கு போய்விட்டது. எலக்ட்ரான்கள் இன்னும் பிணையவில்லை. இடையில் ஒரு தனிநிலை. அந்தப் பரப்பின் மறுகரையில்தான் எஃப் எலக்ட்ரான்கள் ஓட்டத்தில் சேர்ந்து சாதாரண உலோகம் உருவாகிறது. காந்தம் மறைவதும் எலக்ட்ரான் உடைவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரு சேர்மத்தை மட்டும் வைத்துப் பொதுவிதி பேசுவது முறையல்ல என்று உங்களில் கூர்மையானவர்கள் சொல்வீர்கள். வேறு சாட்சிகளும் உண்டு. சீரியம்-ரோடியம்-வெள்ளீயம் சேர்மத்திலும் சீரியம் காகோமே போன்ற தளத்தில்தான் இருக்கிறது. அதன் வெப்ப விரிவை 2015-இல் ஜெர்மன், ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு திசைகளில் அளந்தார்கள். முக்கோணங்கள் கிடக்கும் தளத்தின் திசையில் மாறுநிலைக்குரிய நடத்தை தெரிந்தது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் தெரியவில்லை. செங்குத்தாக அழுத்தினால் முக்கோணம் சமபக்கமாகவே இருக்கும். தளத்தில் ஒரு பக்கமாக அழுத்தினால் முக்கோணம் கோணிவிடும், இழுபறி தளரும். ஆகவே அந்த மாறுநிலையை உண்டாக்குவது இழுபறிதான் என்று திசையே காட்டிக்கொடுத்தது. பிறகு தளத்தில் ஒரு பக்கமாக அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடியே காந்த ஒழுங்கு தலைகாட்டியது. அறிவியலில் இப்படி ஒரு காரணத்தைக் கையால் பிடித்துக் காட்டும் சோதனைகள் அரிது.

இன்னொன்று, பிரசியோடிமியம்-இரிடியம் ஆக்சைடு. நான்முகிகள் முனை தொட்டு அடுக்கிய முப்பரிமாண அமைப்பு அது. ஜப்பானில் சதோரு நகத்சுஜி குழு 2006-லிருந்து அதை ஆராய்ந்தது. ஸ்பின்களுக்கு இடையேயான தொடர்பின் வலு ஏறத்தாழ 20 கெல்வின் அளவு, ஆனால் 0.12 கெல்வினுக்குக் கீழே போகும்வரை ஸ்பின்கள் உறையவே இல்லை. 2010-இல் அதே உலோகத்தில் காந்த ஒழுங்கும் இல்லாமல், வெளிப்புலமும் இல்லாமல், ஹால் மின்னழுத்தம் தானாகத் தோன்றுவதைக் கண்டார்கள். ஹால் விளைவுக்குக் காந்தப்புலம் வேண்டும் என்றுதானே நாம் வகுப்பில் படித்தோம்!

தீராத கேள்விகள் எவை என்று கேட்டால், பெரியவை மூன்று. சீரியம்-பல்லேடியம்-அலுமினியத்தின் அந்த இடைநிலை, 2003-இல் எழுதிய கோட்பாடு சொன்ன ஸ்பின் திரவ உலோகம்தானா, அல்லது வேறு ஒன்றா? மாறுநிலைப் புள்ளிக்கு அருகே விநோதமாக நடந்துகொள்ளும் உலோகங்களில் மின்தடை வெப்பநிலைக்கு நேர்விகிதமாக இருப்பதற்கு ஒரே பொதுக் காரணம் உண்டா? 1979-இல் ஸ்டெக்லிஷ் கனமான எலக்ட்ரான் உலோகத்தில் மீகடத்துத்திறனைக் கண்டபின், காந்தம் மறையும் எல்லையில் மீகடத்துத்திறன் பல சேர்மங்களில் எழுந்திருக்கிறது. இழுபறி அதற்குத் துணையா, தடையா? இவற்றில் எதற்கும் முடிந்த முடிவு இல்லை. உங்கள் தலைமுறைக்கு வேலை காத்திருக்கிறது.

இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கும் நேர்மையான விடை உண்டு. தனிச்சுழிக்கு அருகில் குளிர்விக்க இன்று பெரிதும் நம்பியிருப்பது ஹீலியம்-3 வாயுவை. அது டிரிட்டியம் சிதைவதிலிருந்து கிடைக்கும் அரிய பொருள், விலையும் மிக அதிகம். மாற்று வழி, காந்தப்புலத்தில் வைத்த பொருளிலிருந்து புலத்தை மெல்ல நீக்கிக் குளிர்விப்பது. ஜியாக் 1933-இல் செய்து காட்டிய முறை. அதற்குப் பயன்படும் உப்புகள் வெப்பத்தைச் சரியாகக் கடத்தா. நீர்மூலக்கூறுகளை இழந்து கெட்டும் போகும். தனிச்சுழியை நெருங்கியும் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வராமல் என்ட்ரோபியைக் காப்பாற்றி வைத்திருக்கும் உலோகம் கிடைத்தால் இரண்டு குறையும் தீரும். மாறுநிலைப் புள்ளியில் நிறுத்திய இட்டர்பியம்-கோபால்ட்-துத்தநாகச் சேர்மம் அப்படிக் குளிர்விக்கும் என்று 2016-இல் காட்டினார்கள். மில்லிகெல்வினில் இயங்கும் குவாண்டம் கணினிகள் பெருகும் காலத்தில் இது சிறிய பயன் அல்ல.

கடைசியாக, நீங்கள் செய்யக்கூடியவை.

கோட்பாட்டில் நாட்டம் உள்ளவர்கள் இன்றே உங்கள் மடிக்கணினியில் தொடங்கலாம். பன்னிரண்டு ஸ்பின்கள் கொண்ட சிறு காகோமே துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நிலைகள் 4,096. மேலும் கீழும் சமமாக உள்ளவை மட்டும் என்றால் 924. சில வரி பைத்தான் நிரலில் இதன் ஆற்றல் மட்டங்களை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதோடு கடத்து எலக்ட்ரான்களையும் சேர்த்தால் ஒவ்வோர் இடத்துக்கும் எட்டு நிலைகள். பன்னிரண்டு இடங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 6,872 கோடி. காப்பானுக்கும் உலோகத்துக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும். இந்தத் துறைக்குப் புதிய சிந்தனை ஏன் வேண்டும் என்பதும் தெரியும்.

கையால் வேலை செய்யப் பிடித்தவர்கள் படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிகம் வளர்ப்பது வேதியியலார் வேலை, இயற்பியல் அதற்குப் பிறகுதான் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மேலே சொன்ன கண்டுபிடிப்புகளில் பல, தூய்மையான ஒற்றைப் படிகம் ஒன்றை யாரோ வளர்த்துக் கொடுத்ததால் பிறந்தவை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சம்பத்குமாரன் குழு, 1990-களின் பிற்பகுதியில் கடோலினியம்-பல்லேடியம்-சிலிக்கான் சேர்மத்தை ஆராய்ந்தது. கடோலினியம் முக்கோணத் தளத்தில் அமர்ந்த, இழுபறி கொண்ட உலோகம் அது. அதன் காந்த மின்தடையின் விநோதங்களை அவர்களும் ஜப்பானியக் கூட்டாளிகளும் அப்போதே பதிவு செய்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2019-இல், அதே சேர்மத்தில் ஸ்கிர்மியான் என்னும் காந்தச் சுழல்களின் அணிக்கோவை இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். கவனமாக எடுத்த அளவீடு ஒருநாளும் வீண்போவதில்லை.

வசதி இல்லாத கல்லூரியில் படிக்கிறோமே என்று தயங்குபவர்களுக்கு: பல்கலைக்கழக மாணவர்கள் பெரிய ஆய்வுக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கென்றே இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு யு.ஜி.சி-டி.ஏ.இ கூட்டமைப்பு இயங்குகிறது. அதன் கிளை கல்பாக்கத்திலும் உண்டு. இந்திய அறிவியல் அகாதமிகள் ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பப் படிவத்தில் துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒருமுறை இதையும் எழுதிப் பாருங்கள். நாம் பேசிய சீரியம், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் நிறைந்திருக்கும் தனிமம். மூலப்பொருள் நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து படிகமும், படிகத்திலிருந்து அறிவும் எடுக்கும் ஆட்கள்தான் இன்னும் நிறைய வேண்டும்.

திண்மநிலை இயற்பியல் முடிந்துபோன துறை அல்ல. தனிச்சுழியில் ஓர் உலோகம் எத்தனை விதமாக இருக்க முடியும் என்ற கணக்கையே நாம் இன்னும் முடிக்கவில்லை. துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கோடை விடுமுறையை இந்தக் கேள்விக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அன்புடன்,
உங்கள் துறையில் உங்களுக்கு மூத்த ஓர் இயற்பியல் ஆசிரியர்